நெகேமியா மூன்றாம் அதிகாரத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

வேதம் வாசிக்கிற பலர் விரல் நுனியால் புரட்டிவிட்டுப் போகிற அதிகாரங்களில் ஒன்று நெகேமியா 3. எருசலேமின் இடிந்துபோன அலங்கத்தில், அதாவது மதிலில், எந்த வாசலை யார் கட்டினார், அவருக்கு அடுத்தாற்போல் யார், அவருக்கும் அடுத்தாற்போல் யார் என்று 32 வசனங்களும் இப்படியே போகும். பிரசங்கத்துக்கு இதை எடுப்பவர்கள் குறைவு. வாக்குத்தத்த அட்டையில் இதிலிருந்து ஒரு வரியும் நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கைக்கு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த அதிகாரம் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

முதல் வசனத்திலேயே பிரதான ஆசாரியன் எலியாசிப் கல் தூக்கிக்கொண்டிருக்கிறார். எட்டாம் வசனத்துக்கு வந்தால் ஒரு தட்டார், அவருக்கு அடுத்தாற்போல் ஒரு தைலக்காரர். மெல்லிய நகை வேலையும் நறுமணத் தைலமும் பழகிய கைகள் இப்போது இடிபாட்டுக்குள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வசனத்தில் எருசலேம் மாகாணத்தின் பாதிக்குப் பிரபுவாகிய சல்லூம், தன் குமாரத்திகளோடு கட்டுகிறார். அந்தப் பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் கட்டினார்கள் என்பது தெரியும். பதினான்காம் வசனத்தில் மல்கியா என்று இன்னொரு பிரபு. இவருக்கு வந்தது குப்பைமேட்டு வாசல். ஊரின் அழுக்கெல்லாம் வெளியே போகிற வழி. அவர் அதைக் கட்டி, கதவு போட்டு, பூட்டும் தாழ்ப்பாளும் போட்டார். மற்ற வாசல்களைக் கட்டினவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதேதான் இவரைப் பற்றியும் எழுதியிருக்கிறது. ஒரு சொல்லும் குறையவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் தெக்கோவா ஊரார். ஐந்தாம் வசனத்தில் அவர்களுடைய பிரபுக்கள் ஆண்டவருடைய வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. சரி, பெரியவர்களே வரவில்லை, நமக்கென்ன என்று அந்த ஊரார் திரும்பிப் போயிருக்கலாம். இருபத்தேழாம் வசனத்தைப் பாருங்கள். அதே தெக்கோவா ஊரார் இன்னொரு பங்கையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முறுமுறுத்தார்கள் என்று எங்கேயும் இல்லை.

நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மேலே இருப்பவர்கள் கைகொடுக்காத வாரங்கள் எல்லா அலுவலகத்திலும் வரும், எங்களுக்கும் வரும். அப்படிப்பட்ட வாரங்களில் எனக்கு ஞாபகம் வருவது தெக்கோவா ஊரார்தான். அவர்கள் என் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருப்பது போலவே இருக்கும். ‘பொறுமையாயிருங்கள்’ என்ற வசனத்தைத் தனியாக வாசித்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. பெயர்ப்பட்டியல் போலத் தெரிகிற ஒரு அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்ததால்தான் ஐந்தாம் வசனத்தையும் இருபத்தேழாம் வசனத்தையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

இந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வருகிற இன்னொன்று: பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சுவரைக் கட்டினார்கள். யெதாயா தன் வீட்டுக்கு எதிரே, பென்யமீனும் அசூபும் தங்கள் வீட்டுக்கு எதிரே, ஆசாரியர்கள் அவரவர் வீட்டுக்கு எதிரே. மெசுல்லாம் தன் அறைவீட்டுக்கு எதிரே. இவருக்கு இருந்தது ஒரு அறை மட்டும்தானோ என்னவோ, அதற்கு எதிரே இருந்ததைக் கட்டினார். அலங்கம் முழுவதும் 52 நாளில் முடிந்தது என்று ஆறாம் அதிகாரம் சொல்கிறது. ‘ஆண்டவரே, உமக்காக நான் என்ன செய்யட்டும்’ என்று ஜெபிக்கிறவர்கள், நானும்தான், வாசற்கதவைத் திறந்து எதிரே என்ன இடிந்து கிடக்கிறது என்று பார்த்தால் பாதிப் பதில் அங்கே இருக்கும்.

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: “அக்கா, தினமும் வாசிக்கிறேன், ஆனா எனக்குன்னு ஒண்ணும் கிடைக்கலையே.” எப்படி வாசிக்கிறாய் என்று கேட்டேன். போனில் ஒரு செயலி தினம் ஒரு வசனம் அனுப்புகிறதாம். அதை வாசிக்கிறாள், பிடித்திருந்தால் ஸ்டேட்டஸில் வைக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஒரு வசனமாவது வாசிக்கிறாளே என்று சந்தோஷம். ஆனால் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது அதில் அதிகாரமும் இல்லை, வசன எண்ணும் இல்லை. இன்று நாம் பயன்படுத்துகிற அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவர் பிரித்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் அச்சுக்காரரான ராபர்ட் எஸ்தியேன் 1551இல் போட்டவை. தேடி எடுக்க அவை நல்ல உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த எண்கள் வந்த பிறகு ஒவ்வொரு வசனமும் தனித்தனியே கழன்று வரக்கூடிய ஒன்று போல நமக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பவுலோ தன் நிருபத்தைச் சபையில் வாசிக்கச் சொன்னார், வாசித்த பிறகு பக்கத்துச் சபைக்கும் அனுப்பச் சொன்னார். கொலோசெயர் 4:16இல் அது இருக்கிறது. பிலிப்பியர் நிருபம் முழுவதையும் வாய்விட்டு வாசிக்க இருபது நிமிடம் போதும்.

அந்த நிருபத்தின் நான்காம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” பரீட்சைக்குப் போகும்போதும், நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும் நாம் சொல்லிக்கொள்கிற வசனம். அதற்கு முந்தைய வசனம் என்ன சொல்கிறது? தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பசியாயிருக்கவும் பரிபூரணமடையவும் போதிக்கப்பட்டேன் என்று பவுல் சொல்கிறார். கட்டப்பட்டிருக்கிற ஒரு மனிதன், இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, மனரம்மியமாயிருக்கிற பெலன் தனக்கு உண்டு என்று எழுதுகிறார். வேலை கிடைத்த அன்றைக்கு மட்டுமல்ல, கிடைக்காத அன்றைக்கும் நமக்கு இந்த வசனம் வேண்டும். எனக்கென்னவோ கிடைக்காத அன்றைக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் மேலே போனால், அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் இரண்டு பெண்களுக்குள் மனஸ்தாபம். எயோதியாள், சிந்திகேயாள். இருவரும் சுவிசேஷ விஷயத்தில் பவுலோடு பிரயாசப்பட்டவர்கள். யார் பக்கம் நியாயம் என்று பவுல் சொல்லவில்லை. இருவருக்கும் தனித்தனியே புத்திசொல்கிறார், அவர்களுக்கு உதவி செய்யும்படி இன்னொருவரையும் கேட்டுக்கொள்கிறார். அதற்கு அடுத்துத்தான் “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்கிறார். சபையில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் இருக்கும்போது நடுவில் நிற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எது? ஒரு பக்கம் சாயாதே, இருவரோடும் பேசு, இருவரும் செய்த நல்லதை மறக்காதே. நிருபத்தைச் சபை நடுவில் வாசிக்கும்போது அந்த இரண்டு பெண்களும் அங்கேயே உட்கார்ந்திருந்திருப்பார்கள். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

எரேமியா 29:11ம் இப்படித்தான். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” மணமக்கள் வாழ்த்து மடலிலிருந்து மருத்துவமனைச் சுவர் வரை எங்கும் காண்கிற வசனம். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய ஒரு நிருபத்தின் நடுவில் இருக்கிறது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்கிறான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதைத்தான். எரேமியாவின் நிருபமோ எழுபது வருஷம் என்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்ட வயதானவர்களில் யாரும் திரும்பிப் போய் எருசலேமைப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொன்னார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வசனம் எனக்கு இன்னும் கனமாகிவிட்டது. காத்திருக்கிற காலத்தில் தோட்டம் போடு என்கிறது. நினைத்தபடி எதுவும் நடக்காத வருஷங்களில் நட்டு, கட்டி, அக்கம்பக்கத்தாருக்காக ஜெபித்து வாழ்வதும் விசுவாச வாழ்க்கைதான்.

தினம் ஒரு வசனம் என்ற பழக்கத்தையே நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் என்ற ஊரில் இருந்த மொரேவிய சபை விசுவாசிகள் 1731இலிருந்து ஒவ்வொரு வருஷமும் தினசரி வசனங்களை அச்சிட்டு வருகிறார்கள், இன்றுவரை நிற்கவில்லை. ஆனால் அவர்கள் சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து வேதம் கற்று, ஒருவரையொருவர் விசாரித்து வாழ்ந்தவர்கள். அந்த ஒரு வசனத்தைச் சுற்றி அவ்வளவும் இருந்தது. நம்மில் பலருக்கு வசனம் மட்டும்தான் வருகிறது.

லேவியராகமத்துக்கு வருகிறேன். வருஷ ஆரம்பத்தில் ஆதியாகமத்தில் உற்சாகமாகக் கிளம்புகிறவர்கள் பலர் நின்றுபோகிற இடம் இது. பலிகளின் விவரங்கள் கடினமானவைதான். ஆனால் 19ஆம் அதிகாரத்துக்கு வந்து பாருங்கள். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காதே. கோள் சொல்லித் திரியாதே. நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திரு. அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே. பலவற்றுக்கும் பின்னால் “நான் கர்த்தர்” என்று ஒரு முத்திரை. இவற்றின் நடுவில், பதினெட்டாம் வசனத்தில், “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக.” இயேசு எடுத்துச் சொன்ன கட்டளை இருக்கிற இடம் இதுதான். கூலிக்கும் எடைக்கல்லுக்கும் நடுவில்.

செவிடனைத் திட்டுவதைப் பற்றி ஏன் ஒரு கட்டளை? அவருக்குக் கேட்கப்போவதில்லை, மனம் புண்படப்போவதுமில்லை. ஆனாலும் கர்த்தர் கேட்கிறார். ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நாம் பேசுகிற பேச்செல்லாம் இந்தக் கட்டளைக்குள் வந்துவிடுகிறது. இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

கூலியைப் பற்றிய அந்த வரி என் வேலைக்கு நேராக வருகிறது. சுத்தம் செய்கிறவர்கள், மின்சார வேலைக்கு வருகிறவர்கள், சின்னச் சின்னப் பொருள் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் என்று பலருடைய பில் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரிய நிறுவனத்தின் பில் ஒரு வாரம் தாமதமானால் அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள். தனி ஆளாக உழைக்கிறவருடைய பில் தாமதமானால் அவர் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்பது வேறு. அதனால் மாலையில் கிளம்புவதற்கு முன் தனி ஆட்களின் பில்களை முதலில் முடித்துவிடுவது என் வழக்கம். யாரும் போட்ட விதி இல்லை. யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும் அது சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டது என்றும் இருக்கிறதே, அதை வாசித்த எந்தக் கணக்கருக்கும் இது விளங்கும்.

நியாயப்பிரமாணப் புத்தகங்களைத் தள்ளிவைக்கிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு மூன்று தரமும் பதிலாகச் சொன்னது உபாகமத்திலிருந்து எடுத்தவை: 8:3, 6:16, 6:13. நாற்பது நாள் பசிக்குப் பிறகு அவர் நாவில் வந்தது நாம் தாண்டிப் போகிற பக்கங்கள்தான். சோதனைக்காரனும் வசனம் சொன்னான், 91ஆம் சங்கீதத்திலிருந்து, நல்ல வாக்குத்தத்தமாகப் பார்த்து எடுத்துச் சொன்னான். ஒரு வசனத்தைத் தனியே பிடுங்கி எடுத்தால் அதை யார் கையிலும் எப்படியும் திருப்பலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லாப் பகுதியிலும் ‘இன்று எனக்கு ஒரு பாடம்’ என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிதியோன் களத்தில் போட்ட மயிருள்ள தோலைப் பாருங்கள்; பனி அதன்மேல் மட்டும் பெய்கிறதா என்று அடையாளம் பார்க்கப் போட்டது. முடிவெடுக்க முடியாதபோது கர்த்தரிடம் அடையாளம் கேட்பதற்கு அதை ஒரு முறையாகவே பலர் போதிக்கிறார்கள். நியாயாதிபதிகள் 6ஐ நிதானமாக வாசித்தால், கர்த்தர் கிதியோனிடம் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டார், போ என்றும் சொல்லிவிட்டார். கிதியோனே “நீர் சொன்னபடி” என்று சொல்லித்தான் கேட்கிறார். தெரியாததைத் தெரிந்துகொள்ள அல்ல, தெரிந்ததை நம்ப முடியாமல் கேட்டது அது. கர்த்தர் பொறுத்துக்கொண்டார், அவர் இரக்கம் அப்படிப்பட்டது. அங்கே நான் கற்றுக்கொள்வது கர்த்தருடைய பொறுமையைத்தான். நியாயாதிபதிகளின் கடைசி அதிகாரங்களுக்குப் போனால் பின்பற்றத் தக்கவர் ஒருவரும் இல்லை. அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்தான் என்று அந்தப் புத்தகமே சொல்லி முடிகிறது. அதிலிருந்து இனிப்பாக ஒரு பாடம் எடுக்க வேண்டியதில்லை. ‘மனிதர் இவ்வளவு தூரம் போவார்கள்’ என்று தெரிந்துகொண்டு புத்தகத்தை மூடினாலும் அன்றைய வாசிப்பு வீண் அல்ல.

சங்கீதம் 88 இருளில் முடிகிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் கடைசியில் ஒரு துதியாவது வரும், இதில் வராது. அதை வேதத்தில் வைத்திருக்கிறாரே என்று நான் நன்றி சொல்வதுண்டு. துக்கத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போகும்போது கையில் வசனம் தயாராக வைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை என்பதை இந்தச் சங்கீதம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் அழுவதைக் கேட்டுவிட்டு, ஒரு சின்ன ஜெபத்தோடு வந்துவிடலாம்.

சமீபத்தில் என்னை அதிகம் தொட்டது 1 இராஜாக்கள் 19. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்ட அதே எலியா. தூதன் வந்து புத்தி சொல்லவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். படுக்க விட்டான். இரண்டாந்தரம் எழுப்பியபோதும் அதேதான்: “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.” இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கர்த்தரின் கேள்வி அதற்குப் பிறகு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது.

என் அம்மா படுக்கையில் இருக்கிறார்கள். பகலெல்லாம் பார்த்துக்கொள்வது என் அண்ணி. ஒருநாள் அண்ணி, “எனக்கு ஜெபிக்கவே முடியல, ஆண்டவர் தூரமா இருக்கிற மாதிரி இருக்கு” என்றார்கள். அந்த வாரம் இந்த அதிகாரத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். “அண்ணி, இனி வெள்ளி சனி ராத்திரி அம்மாவை நான் பார்த்துக்கிறேன், நீங்க கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க” என்று சொன்னேன். அவ்வளவுதான் பேசினோம். சில வாரம் கழித்து அவர்களே தியானப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். களைத்துப்போனவர்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் முதலில், கேள்வி அப்புறம். இதைக் கர்த்தரே செய்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, ஆவிக்குரிய உதவி என்றால் என்ன என்பதைப் பற்றி என் எண்ணமே விரிந்துவிட்டது.

எப்படி வாசிப்பது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பெரிய முறை ஒன்றும் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்தால் முடிக்கும்வரை அதையே வாசிக்கிறேன். வாய்விட்டு வாசிக்கிறேன். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாய்விட்டு வாசித்ததால்தான் பிலிப்பு கேட்டு, ஓடி வந்து, “நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா” என்று கேட்க முடிந்தது. ஒரு நோட்டில் அந்த அதிகாரத்தில் என்ன நடந்தது என்று என் சொந்த வார்த்தையில் எழுதுகிறேன். பிறகு, இன்று என் கைக்கு வருகிற வேலை இதில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். இருந்தால் ஒரு ஆளின் பெயரோடு எழுதுவேன். ‘அன்பாயிருக்க வேண்டும்’ என்று எழுதினால் அன்று ஒன்றும் நடக்காது. ‘இன்னாருக்கு இன்று போன் செய்ய வேண்டும்’ என்று எழுதினால் நடக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் இல்லை என்று விட்டுவிடுகிறேன். அந்த இடம் காலியாக இருக்கிற பக்கங்கள் என் நோட்டில் நிறைய உண்டு.

வருஷத்துக்குள் முழு வேதத்தையும் முடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். மொத்தம் 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று நான்கு வரும். ஸ்காட்லாந்தின் டண்டீயில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செயின் 1842இல் தன் சபைக்காக ஒரு வாசிப்புத் திட்டம் எழுதினார். நாளுக்கு நான்கு அதிகாரம். இன்றும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அந்தத் திட்டத்தோடு அதன் ஆபத்துகளையும் அவரே எழுதிக் கொடுத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டேன் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டமாக ஓடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம். அடுத்த வருஷமே, 29 வயதில், அவர் இறந்துபோனார். அந்த எச்சரிக்கைகளையும் சேர்த்து எழுதிய அந்த மேய்ப்பன் மனதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்தத் தங்கையிடம் மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பிக்கச் சொன்னேன். பதினாறு அதிகாரம்தான். அதை முடித்துவிட்டு ரூத், நான்கு அதிகாரம். லேவியராகமத்தின் வயலோரக் கட்டளை போவாஸ் என்பவரின் வயலில் எப்படி இருந்தது என்று அங்கே பார்க்கலாம். அப்புறம் பிலிப்பியர், ஒரே மூச்சில். தனியாக வாசிக்கச் சோம்பலாக இருந்தால் சனிக்கிழமை மாலை என்னோடு போனில் வாசிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆளுக்குப் பாதி அதிகாரம் என்று மாற்றி மாற்றி வாசிக்கிறோம், இப்போது மாற்கு ஐந்தில் இருக்கிறோம்.